நீலக் காரின் மதிப்பெண்

கார்களுக்கு இப்போதெல்லாம் விமர்சகரின் நாடித்துடிப்புதான் மதிப்பெண். எந்த ஸ்போர்ட்ஸ் செடான் அவர் நெஞ்சை அதிகம் படபடக்க வைக்கிறதோ, அதுவே சிறந்தது. வாய் வார்த்தையை வாசகர்கள் நம்புவதை நிறுத்திப் பல வருடங்கள் ஆகிவிட்டன.

கணவன் முகுந்தன் எழுதிய ஒப்பீட்டை யாழ்மொழி நான்காவது முறையாகப் படித்தாள். ஏற்காடு மலைப்பாதை, பதினான்காவது கொண்டை ஊசி வளைவு, இரண்டு கார்களுக்கும் ஒரே வேகம். சிவப்புக் காரில் அவன் துடிப்பு எண்பத்தாறு. நீலக் காரில் நூற்று முப்பத்திரண்டு.

“அப்படி என்னங்க இருக்கு அந்த நீல வண்டியில?”

“ஸ்டீயரிங் கையோட பேசும்டி. சொன்னா புரியாது, நீயே ஓட்டிப் பாரு.”

ஞாயிறு காலை துடிப்பு பார்க்கும் பட்டையை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு நீலக் காரை அவளே ஓட்டினாள். முகுந்தன் பக்கத்தில் முறுக்கைக் கடித்துக்கொண்டு வந்தான். அதே வளைவு வந்ததும், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

“அன்னைக்கு இந்த சீட்ல யாரு உக்காந்திருந்தா?”

முறுக்குச் சத்தம் நின்றது.

“எங்க ஆபீஸ் ரெஜினாதான். கேமரா பிடிக்க ஆள் வேணும்ல?”

“சிவப்பு வண்டியில?”

“அதுல... நம்ம குமரேசன்.”

காரின் திரையில் அவள் துடிப்பு ஏறியது. நூற்றுப் பத்து, நூற்று முப்பது, நூற்று நாற்பத்தொன்று. இதுவரை பதிவானதில் இதுதான் உச்சம் என்று கார் அவளை வாழ்த்தியது.

முகுந்தன் கைதட்டினான். “பாத்தியா! வண்டிதான்னு சொன்னேன்ல?”

யாழ்மொழி வேகமானியைப் பார்த்தாள். முள் இருபதைத் தாண்டவில்லை.