மார்வாவின் பச்சை ஜாடி

“இருபது டாலர்தானா?” என்று கேட்க வாயெடுத்த வெல்மா, கேட்காமலே மூடிக்கொண்டாள்.

ஆர்லோவின் சமையலறை மேஜையில், நசுங்கிய வடிகட்டிக்கும் பிளாஸ்டிக் டப்பாக்களுக்கும் நடுவே, இருபது டாலர் என்று எழுதி ஒட்டிய சீட்டோடு அந்தப் பச்சைக் கண்ணாடி ஜாடி நின்றது. நூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒருவன் சக்கரத்தில் பிடித்துக் கையாலேயே வெட்டிய கட் கிளாஸ். வெறும் வெள்ளையில் எத்தனையோ கிடைக்கும். மேலே பச்சையும், வெட்டின இடமெல்லாம் தண்ணீர் போலத் தெளிவுமாக வருவது அபூர்வம்.

வெல்மா இருபத்திரண்டு வருஷமாகக் கட் கிளாஸ் சேர்க்கிறவள். அவள் வசதிக்குக் கிடைத்ததெல்லாம் விளிம்பு உடைந்த தட்டுகள்தான். இந்த ஜாடியைச் சிநேகிதி மார்வாவின் அலமாரியில் பார்த்துப் பார்த்தே கண் பூத்துப் போனவள்.

மார்வா போய்ச் சேர்ந்து ஆறு வாரம் ஆகிறது. புருஷன் ஆர்லோ வீட்டைக் காலி செய்துவிட்டு அரிசோனாவில் மகளோடு இருக்கப் போகிறார். ஹோன்ஸ்டேல் ஊரில் பாதி வந்து, விற்பனைக்குப் பரப்பிய சாமான்களைப் புரட்டிக்கொண்டிருந்தது.

“பிடிச்சிருக்கா வெல்மா?” பின்னாலிருந்து ஆர்லோ கேட்டார்.

“ம்... நல்லாருக்கு.”

“அப்போ எடுத்துக்கோ. சீட்டுல போட்டிருக்கிறதைக் குடு, போதும்.”

பாவம், மனுஷனுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று நினைத்தாள். குறைந்தது பத்தாயிரம் டாலர் பெறும் என்று அவளுக்குத் தெரியும். நாக்கு நுனிவரை வந்தது. இருபது டாலரை நீட்டினாள்.

ஆர்லோ தானே பழைய பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். அவர் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு காருக்கு நடந்தாள்.

“நீ என்ன திருடியா?” என்றான் அன்று ராத்திரி வீட்டில் அவள் கணவன் கர்ட். “அவர் விலை போட்டார், நீ குடுத்தே.”

“பொண்டாட்டி செத்த வீடு கர்ட். விவரம் தெரியாத மனுஷன்.”

“அப்போ போய் விலையைச் சொல்லித் திருப்பிக் குடுத்துடு.”

“அன்னிக்கே ஏன் சொல்லலைன்னு கேட்டா?”



ஜாடி ஜன்னலோரம் இருந்தது. காலை வெயில் பட்டால் சுவரெல்லாம் பச்சையாகச் சிதறும். எத்தனையோ வருஷம் ஆசைப்பட்ட காட்சி. ஆனால் எதிரே உட்கார்ந்து ஒரு வாய் காபி குடிக்க முடியவில்லை. கட் கிளாஸ் சேர்க்கிறவர்களின் சங்கக் கூட்டத்துக்குப் போவதையும் நிறுத்தினாள். மூன்றாம் வாரம் ஜாடியை எடுத்துத் துணி அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள். அங்கே இருந்தும் அது உறுத்தியது.

அந்த மாதக் கடைசியில் ஒஹாயோவில் ஓர் ஏலக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டாள். யாரோ போனிலேயே ஏலம் கேட்டு எடுத்துக்கொண்டார்கள். கமிஷன் போக ஒன்பதாயிரத்துச் சொச்சம் வந்தது. வந்ததை அப்படியே ஆர்லோ பெயருக்கு ஒரே செக்காக எழுதினாள். அன்றுதான் நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

ஆர்லோவின் வீட்டில் இரண்டு நாற்காலிகள்தான் மிச்சம் இருந்தன. காகிதக் கோப்பையில் காபி ஊற்றிக் கொடுத்தார். வெல்மா தரையைப் பார்த்துக்கொண்டே ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லி முடித்துச் செக்கை அவர் பக்கம் நகர்த்தினாள்.

அவர் அதைப் பார்க்கவே இல்லை.

“வித்துட்டியா?”

“ஆமா. ஒரு சென்ட்கூட நான் எடுத்துக்கலை. எல்லாம் உங்களோடதுதான்.”

“இப்போ யார்கிட்ட இருக்கு?”

“தெரியாது. வாங்கினவங்க பேரைச் சொல்ல மாட்டாங்களாம்.”

ஆர்லோ கோப்பையைத் தள்ளி வைத்தார்.

“திட்டணும்னா திட்டிடுங்க ஆர்லோ. எனக்கு வேணும்தான்.”

“உன்னை எதுக்கும்மா திட்டப் போறேன். அது என்ன விலை போகும்னு எனக்கும் தெரியும். மூணு வியாபாரிங்க வாசல்ல வந்து நின்னாங்க. மார்வா தரமாட்டேன்னுட்டா.”

வெல்மா நிமிர்ந்தாள். “பின்னே இருபது டாலர்னு போட்டிருந்ததே?”

“அது அவ எழுதி ஒட்டினது. கடைசியா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாளே, அன்னிக்குக் காலையில. நீ வர்ற வரைக்கும் உள்ளே ஒளிச்சு வச்சிருந்தேன். உன் கார் வந்து நின்னப்புறம்தான் மேஜைக்குக் கொண்டுவந்தேன்.”

“எனக்காகவா?”

“சும்மா குடுத்தா நீ வாங்கிக்க மாட்டியாம். நீயே கண்டுபிடிச்சதா இருக்கணுமாம்.” ஆர்லோ எழுந்து செக்கை எடுத்து அவள் கையிலேயே திருப்பி வைத்தார்.

“இந்த ஊர்லயே அதை விக்காம வச்சிருக்கப் போறவ வெல்மா ஒருத்திதான்னு சொல்லிட்டுப் போனா.”