ஓங்கிய வாள்

"பழைய கேமே இருக்கட்டுங்க தம்பி. அவரு ஆறு மணிக்கு வெளையாட வந்துருவாரு."

மதுமதி கொஞ்சமும் இறங்கி வரவில்லை. கம்ப்யூட்டரைச் சரிசெய்ய வந்த பூபதிக்கு அலுப்பாக இருந்தது.

"அக்கா, இதுல நாம பட்டனை அமுக்கற வரைக்கும் அரக்கன் ஓங்குன வாளோட சும்மா நிப்பானுங்க. புதுசுல கொஞ்சம் அசந்தாலும் நம்ம வீரனை வெட்டிப்போடுவான். படமும் சினிமாவாட்ட இருக்கும்."

"எங்களுக்கு நிக்கற அரக்கன்தான் வேணும்."

இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு மந்தமான புருஷனா என்று நினைத்துக்கொண்டே பூபதி பழைய கேமைத் திறந்து வைத்தான்.

ஆறு மணிக்கு வாசலில் யாரும் வரவில்லை. மதுமதியின் செல்போன்தான் அடித்தது. அதை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியின் இரைச்சலுக்கு நடுவே, ராஜஸ்தானிலிருந்து அவள் கணவன் தனபாலின் குரல் கேட்டது.

"மது, குகைக்குள்ள போனமே, எதுக்க யாரு நிக்கறா?"

"அரக்கனுங்க. வாளை ஓங்கிட்டு நிக்கறான்."

"கேடயத்தை எடு. அப்பறம்..." அங்கே யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். "பைப் எறக்கோணுமாம் சாமி. நாளைக்கு வாரேன்."

"வாங்க."

போன் அடங்கியது. மதுமதி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

"தீபாவளிக்கு ஊட்டுக்கு வந்து, அவரு கையாலதான் இவனை வெட்டோணும். அது வரைக்கும் நிப்பானுங்களா தம்பி?"

திரையில் அரக்கன் ஓங்கிய வாளோடு நின்றுகொண்டிருந்தான்.

"நிப்பானுங்க அக்கா," என்றான் பூபதி. "ஒரு அடி நகர மாட்டான்."