மருந்துக்கடைக்காரரின் வலது கை

மருந்துக்கடைக்காரரின் வலது கை, கண்ணாடிக்கடைக்காரரின் இரண்டு தொடைகளுக்கும் நடுவே வசமாக மாட்டியிருந்தது.

எப்படி மாட்டியது என்று கண்ணாடிக்கடைக்காரருக்கே தெரியவில்லை.

ஊருக்கெல்லாம் மூக்குக்கண்ணாடி போட்டுவிடுகிறவர், ஜூடோ மெத்தையில் தன் கண்ணாடியைக் கழற்றிவிட்டால் எதிரே நிற்பது ஆளா தூணா என்று தெரியாது. போன வாரம் தூணுக்குத்தான் முதலில் குனிந்து வணக்கம் வைத்தார்.

ஐம்பத்து நான்கு வயதில் இந்த ஜூடோ வகுப்பில் சேர்ந்தது தொப்பையைக் குறைக்க என்று வீட்டில் சொல்லியிருந்தார். மனைவி நம்பவில்லை. தொப்பையும் நம்பவில்லை.

உண்மையில் அவர் வந்தது, இங்கே வெகுநாளாகப் பழகிவரும் மருந்துக்கடைக்காரரிடம் ஒரு வார்த்தை பேச.

இரண்டு பேருக்கும் அடுத்தடுத்த கடை. மருந்துக்கடைப் பெயர்ப்பலகை தன் பலகையை மறைக்கிறது என்று கண்ணாடிக்கடைக்காரருக்கு ஏழு வருடப் பகை. போயும் போயும் அந்த வீட்டுப் பெண்ணைத்தான் கட்டுவேன் என்று மகன் வந்து நின்றபோது, "நான் உசுரோட இருக்கற வரைக்கும் அது நடக்காது" என்று கத்திவிட்டார்.

ஒரு பலகைக்காக உயிரை இழுத்தது கொஞ்சம் அதிகம்தான் என்று மறுநாளே தோன்றியது. வாய்விட்டுச் சொல்லக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. மகனும் அதன் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. இவர் கைக்குப் பக்கத்தில் உப்பு இருந்தாலும் அம்மாவிடம்தான் கேட்டான்.

சரி, பெரிய மனது பண்ணி நாமே பெண் கேட்டுவிடுவோம் என்று முடிவு செய்தார். கடையில் கேட்டால் நாலு பேர் பார்ப்பார்கள். வீட்டுக்குப் போனால் கதவைச் சாத்திவிடுவார். மெத்தையில் மட்டும்தான் மனிதரால் எழுந்து போக முடியாது.

திட்டத்தில் ஒரே ஓட்டை. பதினோரு வாரமாக அடியில் கிடந்தது இவர்தான். பேச வாயைத் திறந்தபோதெல்லாம் மருந்துக்கடைக்காரரின் சட்டைதான் உள்ளே போயிற்று.

இன்றைக்குத்தான் கை கிடைத்தது. மாஸ்டர் சொல்லிக்கொடுத்தபடி முழங்கால்களை இறுக்கி, பிடித்த கையின் கட்டைவிரல் கூரையைப் பார்க்கும்படி திருப்பி, மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கினார். எலும்பு எங்கோ சடக்கென்றது. தன்னுடையதுதான். பொருட்படுத்தவில்லை.

"என் பையனுக்கு உங்க பொண்ணக் குடுங்க," என்றார் மூச்சு வாங்க.

மருந்துக்கடைக்காரர் இடது கையால் அவர் காலில் இரண்டு தட்டு தட்டினார். தோற்றேன், விடு என்று அர்த்தம்.

இவர் விடவில்லை. "இது கைக்கா, கல்யாணத்துக்கா?"

"கைய விடுங்க சம்பந்தி. போன மாசம் ரிஜிஸ்தர் ஆபீஸ்ல பொண்ணு வீட்டுச் சாட்சியா இந்தக் கையாலதான் கையெழுத்து போட்டேன். உங்க பக்கம் ஆள் இல்லன்னு, பையன் அந்த ஆபீஸ் வாட்ச்மேனக் கூப்பிட்டு வந்து போட வெச்சான்."

கண்ணாடிக்கடைக்காரர் கால்களை எடுத்தார்.

மாஸ்டர் அடுத்த ஜோடியைக் கூப்பிட்டார். இவர்கள் இடத்தைக் காலி செய்யவில்லை.

கண்ணாடிக்கடைக்காரர் எழுந்து உட்கார்ந்து, அந்த முழங்கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, எங்கே வலிக்கிறது என்றுகூடக் கேட்காமல் மெதுவாகத் தேய்த்துவிட ஆரம்பித்தார்.