முன்னால் போன வண்டி

"உனக்கு வெட்கமா இல்லையா ஜிஜோ?"

எஸ்டேட் ஆபீஸ் வாசலில் பத்துப் பேர் நிற்கும்போதுதான் ஜின்சன் இதைக் கேட்டான். தனியாகக் கேட்டிருந்தால் அவனுக்குத் திருப்தி இருந்திருக்காது.

ஜிஜோ டீ ஃபேக்டரி மெக்கானிக். கையில் இருந்த கிரீஸைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு நின்றான்.

"நீங்களே சொல்லுங்க சார்," ஜின்சன் ஃபீல்டு ஆபீசர் சிவப்பிரகாஷிடம் திரும்பினான். "நானும் அதே மலைப்பாதையிலதான் ஓட்டுறேன். என்னுது கரண்டு பைக். புகை கிடையாது, சத்தம் கிடையாது, ஹாரன்கூடக் கிடையாது. பக்கத்துல போனாலும் காட்டெருமை தலையத் தூக்காது. இவன் பெட்ரோல் வண்டி இருக்கே... லயத்து வீடுகள்ல தொட்டில்ல கெடக்குற பிள்ளையெல்லாம் அலறுது."

"பொழுதுபோக்குக்கு ஓட்டுறதுக்கு ஏம்ப்பா இத்தனை சண்டை?"

"சண்டை நான் போடல சார். சாயங்காலம் நாலு மணிக்கு நான் கிளம்புவேன். இவன் எனக்காகவே ஸ்டோர் முக்குல காத்துக் கெடக்கான். என்னைக் கண்டதும் முன்னால போயி, வளைவுக்கு வளைவு ஆக்ஸிலேட்டர முறுக்குறான். முந்தியெல்லாம் பின்னாலதான் வருவான். ரெண்டு மாசமாத்தான் இந்தப் பொறாமை."

மூன்று வருடம் ஆசைப்பட்டு வாங்கிய வண்டி. அதைப் பார்த்து ஊரே வயிறெரிகிறது என்பதில் ஜின்சனுக்குச் சந்தேகமே கிடையாது. எழுதிக்கொண்டு வந்த பெட்டிசனை நீட்டினான்.

சிவப்பிரகாஷ் படித்துவிட்டு நிமிர்ந்தார். "நீ ஏதாச்சும் சொல்றியா ஜிஜோ?"

"ஒண்ணுமில்ல சார்."

"அப்ப நாளையிலருந்து உன் வண்டி எஸ்டேட் பாதையில ஏறக் கூடாது."

"சரி சார்." ஜிஜோ கொஞ்சம் தயங்கினான். "ஜின்சன் வண்டி?"

"அது மேல பெட்டிசன் ஒண்ணும் இல்லியே."

ஜிஜோ தலையாட்டினான். போகிற போக்கில், "வளைவுல மட்டும் மெதுவாப் போ ஜின்சன்," என்றான்.

"ஏன், நீ எனக்கு ஓட்டச் சொல்லித் தாறியா?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஜிஜோ தலையைக் குனிந்துகொண்டே நடந்தான்.

மறுநாள் நாலு மணிக்குப் பாதை முழுவதும் ஜின்சனுக்கே சொந்தம். கியர் இல்லை, கிளட்ச் இல்லை. கைப்பிடியைத் திருகினால் போதும், செங்குத்தான ஏற்றத்திலும் வண்டி வழுக்கிக்கொண்டு ஏறியது. டயருக்கடியில் சரளைக்கல் நெரிபடுகிற சத்தம் மட்டும்தான்.

முதல் வளைவுக்கு முன்னால், நடுப்பாதையில், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஜிஜோ நின்றான். வண்டி இல்லை.

ஜின்சன் சறுக்கிக்கொண்டு வந்து நிறுத்தினான். "என்னடா, வழி மறிக்கிறியா?"

"ஒரு அஞ்சு நிமிசம் நில்லு."

"பழி வாங்குறியோ? இரு, ஆபீசருக்கே போன் போடுறேன்."

ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுப் போனைக் காதில் வைத்தான். மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை.

அதற்குள் வளைவிலிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். கொழுந்து பறித்துவிட்டு எடை போடப் போகிற பெண்கள். தலையில் மூட்டை இருப்பதால் யாராலும் கழுத்தைத் திருப்ப முடியாது. பார்வையெல்லாம் காலடியில்தான். இரண்டு பக்கமும் தேயிலை நெருக்கிக்கொண்டு நின்றது.

கடைசியாக வந்தவள் கத்தரீனாள். மூட்டையை இடது கையால் மட்டும் பிடித்திருந்தாள்.

"ஏம்ப்பா ஜிஜோ, இன்னிக்கு உன் வண்டிச் சத்தமே கேக்கலியே? எப்ப ஒதுங்குறதுன்னு தெரியாம பதறிக்கிட்டு வாறோம்."

"வண்டி ரிப்பேர் அக்கா," என்றான் ஜிஜோ.

ஜின்சனுக்கு அந்தப் பதில் புரியவில்லை. அவள் வலது கை மடங்கியபடியே இருந்ததை அப்போதுதான் பார்த்தான்.

"கையில என்னக்கா?"

"நீயாப்பா?" கத்தரீனாள் நின்றாள். "ரெண்டு மாசம் முந்தி இதே வளைவுல உரசினாப்புல போனியே. வண்டி வந்ததே எனக்குத் தெரியல. மூட்டையோட விழுந்தேன், எலும்பு முறிஞ்சுபோச்சு. நீ திரும்பிக்கூடப் பாக்கல. பின்னால வந்த ஜிஜோதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனான்."

"அக்கா, விடுங்க," என்றான் ஜிஜோ.

"மறுநாள்லருந்து அவன் உனக்கு முன்னால முறுக்கிக்கிட்டு வர ஆரம்பிச்சான். அந்தச் சத்தம் கேட்டா நாங்க மேட்டுல ஏறி நின்னுக்குவோம். பின்னால நீ வாறேன்னு அர்த்தம்."

ஜின்சன் வண்டியை விட்டு இறங்கினான். "எனக்குத் தெரியாதுக்கா... ஆபீஸ்லயாச்சும் சொல்லியிருக்கலாமே."

"சொல்லத்தான் கிளம்பினேன். இவன்தான் விடல. 'ஆபீசருக்குத் தெரிஞ்சா அவன் வண்டிய நிப்பாட்டிருவாருக்கா, மூணு வருசம் ஆசப்பட்டு வாங்கினது'ன்னான்."

அவள் நடந்துவிட்டாள். ஜிஜோ ஓரமாக ஒதுங்கி, "இப்பப் போ, எல்லாரும் போயாச்சு," என்றான்.

ஜின்சன் நகரவில்லை. முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல், கழற்றிய ஹெல்மெட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். நேற்று ஆபீஸ் வாசலில் பத்துப் பேர் முன்னால் தான் கேட்ட கேள்வி ஞாபகம் வந்தது.

கையில் இருந்த போன் அடித்தது. சிவப்பிரகாஷ்.

"கூப்பிட்டியா ஜின்சன்? என்ன, மறுபடியும் அந்த ஜிஜோ தொந்தரவா?"

"இல்ல சார்," என்றான் ஜின்சன். "நிப்பாட்ட வேண்டிய வண்டியப் பெட்டிசன்ல மாத்தி எழுதிக் குடுத்துட்டேன்."