பனியன் போட்ட அணில்

"அங்கிள், டீசல் டாங்க்ல பெட்ரோல் ஊத்தினது யாரு?"

கேஷவ் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டான். பழைய டிராக்டரின் மட்கார்டில் உட்கார்ந்திருந்த லோகநாதன், வானத்தில் போன விமானத்தைப் பார்த்தார். பதில் சொல்லப் பிடிக்காத கேள்விக்கெல்லாம், விமான நிலையத்தை ஒட்டிய பம்மலில் ஒரு விமானம் கிடைத்துவிடும்.

"பங்க்ல கேன மாத்திக் குடுத்துட்டான் போல தம்பி."

"போச்சு. டாங்க்கைக் கழுவணும், ஃபில்டர் மாத்தணும். இந்த ஞாயித்துக்கிழமையும் அவ்ளோதான்."

"போவட்டும் தம்பி, அவசரமா?" என்றார் லோகநாதன் தாராளமாக.

அவசரம்தான். லோகநாதன் வீட்டு மாடியில் குடியிருந்த ராஜகோபாலன், வங்கியில் ஓய்வு பெற்றதும் புதுக் கார் வாங்கியிருந்தார். கார் தெருவில் வெயில் காய்ந்தது. துருப்பிடித்த டிராக்டர் ஷெட்டுக்குள் நிழலில் சொகுசாக நின்றது. "ஓடவே ஓடாத வண்டிக்கு எதுக்கு சார் ஷெட்?" என்று அவர் ஒருநாள் கேட்டுவிட்டார்.

லோகநாதனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டது.

"இன்னா சார் அப்டி கேட்டுட்ட? பொழிச்சலூர் வரைக்கும் உழுத வண்டி இது. நீ துட்டு எடுக்கிற ஏ.டி.எம். கீதே, அது நம்ம நாத்தங்கால்! மாட்டுப் பொங்கலன்னிக்கு நானே ஓட்டினு பிள்ளையார் கோயிலுக்குப் போறேன், பாரு. போவலன்னா வண்டிய காயலான் கடைக்குப் போட்டுட்டு ஷெட்ட நீயே எடுத்துக்க!"

தெருவே கேட்டது. மெக்கானிக் ஒருவரும் அகப்படவில்லை என்று லோகநாதன் கைவிரித்தபோது, ராஜகோபாலனின் மகன் கேஷவே களத்தில் குதித்தான். வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன். அப்பாவுக்கு எதிரான வேலை என்றால் சம்பளமில்லாமலும் பார்ப்பவன்.

டாங்க்கைக் கழுவிய அடுத்த வாரம் பேட்டரி வயர்கள் இடம் மாறியிருந்தன. புகை வந்தது, வண்டி வரவில்லை. அதற்கடுத்த வாரம் இன்ஜின் இருமியது, திணறியது, அடங்கியது. கேஷவ் சைலன்சர் குழாய்க்குள் கம்பியை விட்டுத் துழாவினான். வெள்ளைப் பனியன் ஒன்று சுருண்டு வந்தது.

"அணில் வேலை தம்பி. கூடு கட்டும்."

"அணில் எப்போ அங்கிள் பனியன் போட ஆரம்பிச்சுது? அதுவும் எக்ஸ்.எல். சைஸ்ல?"

டீ கொண்டுவந்த லோகநாதனின் மனைவி கிளியம்மாள், பனியனை வாங்கி உதறிப் பார்த்தாள். மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"ஆன்டி, இந்த வண்டி ஓடணும்னு உங்களுக்கு ஆசையே இல்லியா?"

"நிக்கிற வரைக்கும்தான் தம்பி இந்த வூட்டுல நிம்மதி" என்று சொல்லிவிட்டு, இடுப்பில் கொத்துச் சாவி குலுங்க உள்ளே போனாள்.

கேஷவுக்குப் பொறி தட்டியது. பெட்ரோல், வயர், பனியன் எல்லாமே வீட்டுக்குள் இருக்கும் ஆளின் வேலை. பாவம் அங்கிள்! புதிதாகத் தைத்த சீட்டில் உட்காரச் சொன்னால்கூட, "மொதல்ல வண்டி ஓடட்டும் தம்பி, அப்பால சீட்டு" என்று மட்கார்டை விட்டு நகராத மனிதர். அவருக்கா இந்தத் துரோகம்?

போகியன்று வண்டி ஸ்டார்ட் ஆகியே விட்டது. தெருவே கைதட்டியது. லோகநாதன் மட்டும் வானத்தில் விமானத்தைத் தேடினார்.

மாட்டுப் பொங்கல் காலை. டிராக்டருக்கு மஞ்சள், குங்குமம், சாமந்தி மாலை. இரண்டு பக்கமும் கரும்பு. ராஜகோபாலன் காரைத் துடைத்துக் கொண்டுவந்து கேட்டை ஒட்டி நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்.

புது வேட்டியில் வந்த லோகநாதன் தலையைக் குனிந்தார்.

"சாவி கெணத்துல வுழுந்துட்சி."

"அச்சச்சோ!" என்ற ராஜகோபாலன் உடனே போனை எடுத்தார். "காயலான் கடைக்கு நானே பேசிடட்டுமா?"

"பேசு சார். வாக்குன்னா வாக்கு" என்றார் லோகநாதன்.

கேஷவால் பொறுக்க முடியவில்லை. "ஆன்டி, போதும். அந்தச் சாவியக் குடுத்துடுங்க!"

கிளியம்மாள் பொங்கல் தட்டைக் கீழே வைத்தாள். கொத்துச் சாவியை உருவினாள். பீரோ சாவிக்குப் பக்கத்தில் கறுத்துப்போன ஒரு சாவி தொங்கியது.

"பாத்தீங்களா? நீங்கதான் ஒளிச்சு வெச்சிருந்தீங்க!"

"என் வண்டி சாவிய நான் எதுக்குப்பா ஒளிக்கணும்? கெணத்துல போனது அவுரு சாவி, இது எப்பவும் என் இடுப்புல கீறது."

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரே எட்டில் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். கால் தானாகக் கிளச்சைத் தேடிப் போனது. இன்ஜின் உறுமியதில், தலைக்கு மேல் போன விமானச் சத்தம்கூட யார் காதிலும் விழவில்லை.

"சார், அந்தக் கார கொஞ்சம் எடு!" என்றவள் கணவன் பக்கம் திரும்பினாள். "யோவ், பெட்ரோலும் நீ, வயரும் நீ, பனியனும் உன்னுது! உனக்கு கிளச்சு எது பிரேக்கு எதுன்னு தெரியாதுன்னு ஒரு வார்த்த சொன்னா இன்னா கொறஞ்சி பூடும்? நீயா சொல்லுவேன்னு பாத்தா, என் வண்டியவே காயலான் கடைக்கு அனுப்பப் பாக்குற. ஏறுய்யா!"

லோகநாதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கல்யாணமான நாளிலிருந்து தமக்கென்று இருந்த இடத்தில் - மட்கார்டில் - ஏறி உட்கார்ந்தார்.