வெள்ளிக்கிழமைச் சாப்பாடு

"அம்மா காதுக்கு மட்டும் இது போயிடக் கூடாதுப்பா, என்ன?"

போதகர் தன் சாப்பாட்டு டப்பாவை ஆலயத்து வாட்ச்மேனின் கையில் திணித்தார். வாட்ச்மேன் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"வெள்ளிக்கிழமை வந்தாலே எனக்குக் கதி கலங்குது ஐயா. போன வாரம் சாப்பிட்ட சாப்பாட்டுல கேட் பக்கத்துலயே கண்ணு சொருகிடுச்சு. எவனாவது மைக்செட்டைத் தூக்கிட்டுப் போயிருந்தாக்கூடத் தெரிஞ்சிருக்காது."

"ஒரு டப்பா சாப்பாட்டுக்கேவா? உனக்கு வயசாயிடுச்சுப்பா."

வாட்ச்மேன் என்னவோ சொல்ல வாயெடுத்தார். பிறகு டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

போதகர் உபவாசம் இருந்தார். உபவாசத்தை ஊருக்குத் தம்பட்டம் அடிக்காதீர்கள், முகத்தைக் கழுவி, தலையை வாரி, சிரித்த முகமாக இருங்கள் என்று மேடையில் சொல்கிறவர், சொன்னபடி செய்ய வேண்டாமா? டப்பாவைக் கட்டிக் கொடுத்தனுப்பும் மனைவிக்குக்கூடத் தெரியாது. தெரியவும் கூடாது, ஏனென்றால் உபவாசமே அவளுக்காகத்தான்.

கொஞ்ச காலமாக அவள் ஜெபிப்பதில்லை. கல்யாணமான புதிதில் பாத்திரம் துலக்கிக்கொண்டே, பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவதுபோலக் கடவுளிடம் பேசிக்கொண்டிருப்பாள். கேட்கவே அவ்வளவு ஆசையாக இருக்கும். இப்போது குடும்ப ஜெபத்தில் வாயைத் திறப்பதில்லை. "இன்னிக்கு நீ ஜெபம் பண்ணேம்மா" என்றால், "நீங்களே பண்ணுங்க" என்பாள்.

அவரே பண்ணுவார். நோயாளிகள், விதவைகள், ஆலயக் கூரை வேலை என்று ஒன்றையும் விட்டுவிடாமல், தங்குதடையில்லாமல் ஜெபித்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சரியாக முடிப்பார். அவள் ஒரு ஆமென்கூடச் சொல்லாமல் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

ஊரில் வழிதவறிய ஆடுகளையெல்லாம் தேடிப் பிடித்து வந்தவருக்கு, சொந்த வீட்டில் ஒன்று காணாமல் போனால் எப்படி இருக்கும்? இவளை மீட்க முடியாவிட்டால் இனி எந்த முகத்தோடு மேடை ஏறுவது? ஊழியத்தையே விட்டுவிடலாமா என்று தோன்றியது. அவள் இல்லாத பரலோகத்தில் எனக்கு என்ன வேலை என்றுகூட ஒரு நாள் நினைத்துவிட்டார். நினைத்த கையோடு மன்னிப்பும் கேட்டுக்கொண்டார்.

வாட்ச்மேனிடம் டப்பாவைக் கொடுத்த அன்று மாலை அவர் வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டாள். "சாப்பாடு எப்படிங்க இருந்துச்சு?"

"டப்பா காலி, பாரேன்" என்று திறந்து காட்டினார். பொய் சொல்லவில்லை, கவனியுங்கள். "நீ சாப்பிட்டியா?"

"பாத்திரமெல்லாம் அப்பவே கழுவிக் கவுத்தாச்சு."

கன்னம் ஒட்டிப்போயிருந்தாள். ஆத்துமா வாடினால் உடம்பும் வாடத்தானே செய்யும் என்று அவர் நினைத்துக்கொண்டார். மனசு கேட்கவில்லை.

"ஏம்மா, உனக்கு ஏதாவது மனக்குறையா? எங்கிட்டச் சொல்லக் கூடாதா?"

"எனக்கு என்னங்க குறை? நீங்க நல்லா இருந்தா சரி" என்று அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டுப் போனாள்.

எவ்வளவு நல்லவள்! இப்படிப்பட்டவளுக்கா இப்படி ஆக வேண்டும்? அடுத்த வெள்ளிக்கிழமை தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்று போதகர் முடிவு செய்தார்.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமை, டப்பாவைப் பார்த்ததுமே வாட்ச்மேன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

"என்னால ஆகாது ஐயா. ஆளை விடுங்க."

"ஏம்ப்பா, அம்மா சமையல் அலுத்துப்போச்சா?"

"சமையல் அமிர்தம் ஐயா. அளவுதான் தாங்கல." வாட்ச்மேன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அம்மாகிட்டச் சொல்ல மாட்டேன்னு உங்களுக்கு வாக்குக் குடுத்தேன். ஐயாகிட்டச் சொல்ல மாட்டேன்னு அம்மாவுக்கும் வாக்குக் குடுத்துத் தொலைச்சிருக்கேன். வெள்ளிக்கிழமையானா அடுப்படி வாசல்ல என்னை உட்கார வச்சு, அவங்க சாப்பாட்டையும் எனக்கே போட்டுடறாங்க. ரெண்டு பேரோட உபவாசத்தையும் நான் ஒருத்தன் எத்தனை நாளைக்குத்தான் சாப்பிடுறது?"

போதகருக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் கண்கள் நிறைந்துவிட்டன. அவளும் உபவாசமா! அப்படியென்றால் விசுவாசத்தை விட்டுவிடவில்லை. கடவுளோடு இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறாள். சந்தோஷத்தில் வாட்ச்மேனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"கர்த்தர் என் ஜெபத்தைக் கேட்டுட்டாருப்பா! அவ எதுக்காக உபவாசம் இருக்கான்னு உங்கிட்டச் சொன்னாளா?"

வாட்ச்மேன் தலையைச் சொறிந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க ஐயா. 'அவரு வாயிலேர்ந்து இப்பல்லாம் வார்த்தைதான் வருது, மனசு வரல, அதுக்கு ஆமென் போட என்னால முடியல, என் வீட்டுக்காரரு மறுபடியும் நிஜமா ஜெபிக்கிற வரைக்கும் வெள்ளிக்கிழமைச் சாப்பாடு எனக்கு இறங்காது'ன்னு சொன்னாங்க."