பெரிய மனுசர் வேடம்

யாரையும் நம்பாத சடையாண்டி அந்த டிவிக்காரர்களை மட்டும் நம்பித் தொலைத்தார். டீக்கடையில் அவர் மீசையைப் பார்த்துவிட்டு, பேய்த் தொடரில் பெரிய மனுசர் வேடம் என்று சொல்லி, நாற்காலியில் உட்காரவைத்துப் படமெடுத்துப் போனார்கள். இன்றைக்குத்தான் அந்தத் தொடர் டிவியில் வரும் முதல் நாள். சாயங்காலமே தெருச்சனம் அவர் வீட்டில் கூடிவிட்டது.

வெள்ளைச் சேலையில் பேய் வந்தது.

"கால் தரையில பாவுது. இதெல்லாம் ஒரு பேயா?" என்றார் சடையாண்டி.

பேய் கூடத்துக்குள் நுழைந்து, சுவரைப் பார்த்து, "அப்பா" என்று அழுதது. சுவரில் சடையாண்டியின் படம். மாலை போட்டு, நெற்றியில் சந்தனம் வைத்திருந்தார்கள். கீழே சிவப்பு பல்பு எரிந்தது.

"என்ன சித்தப்பு, உசுரோட இருக்கையிலயே மாலை போட்டுட்டாய்ங்க!" என்று பக்கத்து வீட்டு மொக்கராசு சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை. போன மாதம்தான் சடையாண்டி நெஞ்சுவலியில் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்திருந்தார்.

அவர் மனைவி ஒச்சம்மாள் எழுந்தாள். முந்தானையைத் தண்ணீரில் நனைத்து வந்து, திரையில் தெரிந்த அந்த நெற்றிச் சந்தனத்தைத் துடைக்க ஆரம்பித்தாள். படம் மாறி சோப்பு விளம்பரம் வந்தது. அவள் அதே இடத்தை அழுத்தி அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏ புள்ள, நான் இங்கனதான இருக்கேன். இங்கிட்டுத் திரும்பு."

"பேசாம இருங்க" என்றாள் அவள், திரும்பாமலே. "இன்னும் போகமாட்டேங்குது."